சத்தம் போடாத ஒருத்தி

மார்ச் 4

அன்புள்ள வாயாடிக்கு,

முதலில் "மருமகளுக்கு" என்று எழுதினேன். நீயும் என் பையனும் நீதிமன்றத்தில் கையெழுத்துப் போட்டுப் பிரிந்தபின் அப்படி எழுதலாமா என்று சந்தேகம் வந்தது, தாளைக் கிழித்தேன். பிறகு உன் பெயரைப் போட்டேன். தண்ணீர் வரி பாக்கி என்று யாருக்கோ எழுதுகிற மாதிரி இருந்தது. அதையும் கிழித்தேன். கடைசியில் வீட்டில் கூப்பிட்ட பெயரே பேனாவில் வந்து நின்றது. கோபம் இல்லையே?

விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். எனக்கு ஒரு சிலந்தி வேண்டும்.

சிரிக்காதே. ஒட்டடைச் சிலந்தி இல்லை. அது இந்த வீட்டில் வாடகை கொடுக்காமல் வேண்டிய மட்டும் குடியிருக்கிறது. உள்ளங்கை அகலத்துக்கு, உடம்பு முழுக்க ரோமத்தோடு, டாரன்டுலா என்கிறார்களே, அதைச் சொல்கிறேன். நீ அங்கே உயிரியல் பூங்காவில் பூச்சிக்கூடத்தில் தினமும் தீனி போட்டுப் பார்த்துக்கொள்கிறாயே, அதுதான்.

ஏன் என்று கேட்பாய். என் காது உனக்குத் தெரியும். இத்தனை வருஷம் பல்செட் தேய்க்கிற மெஷினைக் கன்னத்துக்குப் பக்கத்தில் ஓடவிட்டதற்கு அது கொடுத்த பரிசு. இப்போது இன்னும் மோசம். கருவியை மாட்டினால் பேச்சும் கேட்கிறது, நாற்காலி இழுக்கிற சத்தமும் கேட்கிறது, இரண்டும் ஒரே அளவு. போனில் யார் பேசினாலும் தண்ணீருக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி இருக்கிறது. அதனால்தான் கடிதம்.

தனியாக இருக்கிறீர்களே, ஒரு நாய் வாங்கிக்கொள்ளுங்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அது எதற்குக் குரைக்கிறது என்று எனக்குத் தெரியாவிட்டால் அந்த நாய் பாவமில்லையா? எதிர்வீட்டுக்காரர் கிளி தருகிறேன் என்றார். அது ஒன்று சொல்ல, நான் "என்ன?" என்று கேட்க, அது மறுபடி சொல்ல, நான் மறுபடி கேட்க... அந்த நாடகம் இந்த வீட்டில் மனிதர்களோடு நடந்ததே போதும். பூனை வந்தால் மேசைமேல் வரிசையாகக் காயவைத்திருக்கும் பல் அச்சுகளை ஒரே தாவலில் தரைமட்டமாக்கும்.

போன மாதம் பக்கத்துப் பள்ளி மண்டபத்தில் பூச்சிகள் கண்காட்சி என்று போட்டிருந்தார்கள். சும்மா போனேன். கண்ணாடிப் பெட்டியில் ஒன்று உட்கார்ந்திருந்தது. வந்தவர்கள் எல்லோரும் "ஐயோ" என்றுவிட்டு நகர்ந்தார்கள்; வாய் போன போக்கை வைத்துச் சொல்கிறேன். அது அசையவில்லை. நானும் அசையவில்லை. வெகுநேரம் கழித்து ஒரே ஒரு காலைத் தூக்கி, யோசித்து, திரும்ப அதே இடத்தில் வைத்தது. அந்த வேகம் எனக்குச் சரியாக இருந்தது. அதனிடம் யாரும் பேசத் தேவையில்லை. அதுவும் என்னிடம் எதையும் இரண்டு தடவை சொல்லப் போவதில்லை.

கடைவீதியில் மீன், கிளி விற்கும் கடையில் நீல நிறத்தில் ஒன்று வைத்திருக்கிறார்கள். மயில் கழுத்து மாதிரி அப்படி ஒரு நீலம். "புதுசா வளர்க்கறவங்களுக்கு இதுதான் மேடம் பெஸ்ட், ஒண்ணும் பண்ணாது" என்று கடைக்காரர் இரண்டு கையையும் ஆட்டி ஆட்டிச் சொன்னார். அந்தக் கைகளில் ஒன்றைக்கூடப் பெட்டிக்குள் விடவில்லை என்பதையும் கவனித்தேன். உன்னைக் கேட்டுவிட்டு வாங்கலாம் என்று திரும்பிவிட்டேன்.

பையனிடம் இன்னும் சொல்லவில்லை.

நீ ஊரைவிட்டுக் கிளம்பியபோது என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. இதை எழுதக்கூடாது என்றுதான் உட்கார்ந்தேன். எழுதிவிட்டேன். இருக்கட்டும்.

அத்தை
(வேறு என்ன போடுவது?)


மார்ச் 13

மதிப்பிற்குரிய அத்தைக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. நான் நலம். நீங்களும் நலமென்று நம்புகிறேன்.

தயவுசெய்து அந்த நீலச் சிலந்தியை வாங்க வேண்டாம். அது மரப்பொந்தில் வாழும் இனம். பெட்டி மூடியைத் திறந்த கையோடு உங்கள் முழங்கையில் ஏறி நிற்கும், அவ்வளவு வேகம். கடித்தால் நாள்கணக்கில் தசை இழுத்துக்கொள்ளும். எங்கள் கூடத்தில் அதன் பெட்டியை ஒருவர் தனியாகத் திறக்கக்கூடாது என்பது விதி. புதிதாக வளர்ப்பவருக்கு அதை விற்பது, சைக்கிள் பழக வந்தவரிடம் லாரிச் சாவியைக் கொடுப்பது போல.

முதல் சிலந்தி தரையில் வாழ்வதாக, நிதானமானதாக இருக்கவேண்டும். இரண்டு இனங்களைச் சொல்லலாம். இந்தப் பெயர்கள் கூடத்தில் நாங்களே வைத்துக்கொண்டவை. ஒன்று, சிவப்பு முட்டிக்காரி. அழகி. ஆனால் பிடிக்கவில்லையென்றால் பின்னங்காலால் வயிற்று ரோமத்தைக் காற்றில் உதறுவாள். அது தோலில் பட்டால் அரிப்பு, கண்ணில் பட்டால் ஆபத்து. இன்னொன்று, சுருட்டை முடிக்காரி. மங்கலான பழுப்பு நிறம், தலைவாராமல் எழுந்து வந்தவள் போலிருப்பாள். ரோமம் உதறத் தெரியும், ஆனால் அதற்குச் சோம்பேறித்தனம். உங்களுக்கு இரண்டாவது நல்லது.

பெட்டி உயரமாக வேண்டாம். சுவரேறி விழுந்தால் இவற்றின் வயிறு பழுத்த தக்காளி போலப் பிளந்துவிடும். மண்ணை ஆழமாக நிரப்பினால் விழும் உயரம் குறையும், வளை தோண்டவும் வசதி. ஒளிந்துகொள்ள ஒரு மூலை, சின்னக் கிண்ணத்தில் தண்ணீர். வாரத்துக்கு ஒரு சுவர்க்கோழிப் பூச்சி போதும். அந்தப் பூச்சிகளை வாங்கி வைத்தால் வீடு முழுக்கக் கத்தும். அது உங்களைத் தொந்தரவு செய்யாது என்று நினைக்கிறேன்.

கையில் எடுக்க வேண்டாம். இது பார்ப்பதற்கான உயிர், கொஞ்சுவதற்கானது இல்லை. காட்டில் பிடித்து வந்ததையும் வாங்க வேண்டாம். உங்கள் ஊரில் மருந்துக்கடை வைத்திருக்கும் ஒருவர் வீட்டிலேயே குஞ்சு பொரிக்கவைத்து வளர்க்கிறார். எங்கள் பூங்காவுக்கும் கொடுத்திருக்கிறார். முகவரி பின்பக்கம் எழுதியிருக்கிறேன். வளர்ந்த ஆணாகக் கேட்டு வாங்குங்கள்.

கடைசியில் நீங்கள் எழுதியிருந்ததைப் பற்றி வேறொரு சமயம் எழுதுகிறேன்.

தங்கள்,
(இங்கே என்னை யாரும் வாயாடி என்று கூப்பிடுவதில்லை.)


மார்ச் 24

வாயாடிக்கு,

உன் கடிதம் வந்த உறையை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தேன். பூங்கா அலுவலகத்திலிருந்து சுற்றறிக்கை ஏதும் தவறி வந்துவிட்டதோ என்று. "தங்கள் கடிதம் கிடைத்தது" என்கிறாய். சாப்பிடும்போதுகூட வாய் மூடாத பெண்ணுக்கு யார் இப்படி எழுதக் கற்றுக்கொடுத்தார்கள்?

போகட்டும். மருந்துக்கடைக்காரர் வீட்டுக்குப் போனேன். தங்கமான மனிதர். பின்னறையில் சுவர் முழுக்கப் பெட்டிகள், ஒவ்வொன்றிலும் மருந்துச் சீட்டு மாதிரி பெயர், பிறந்த தேதி, கடைசியாகத் தோல் உரித்த தேதி. எனக்குக் காது கேட்காது என்றதும் மனைவியிடம் ஒரு சிலேட்டு வாங்கி, ஒவ்வொரு பதிலையும் எழுதியே காட்டினார்.

நீ சொன்னபடி, வளர்ந்த ஆண் வேண்டும் என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு எழுதினார்: "ஆண் வேணாம்மா. வயசுக்கு வந்துட்டா ஒரு வருஷம், மிஞ்சிப்போனா ரெண்டு. செத்துடும். பெண்ணா எடுத்துக்குங்க. இருபது வருஷம் கூடவே இருக்கும்."

இருபது வருஷம்! இது உனக்குத் தெரியாமலிருக்குமா? தினமும் அவற்றோடு புழங்குகிறவள். தெரிந்துதான் ஆணை வாங்கச் சொல்லியிருக்கிறாய். கிழவிக்கு எதற்கு இருபது வருஷத்துச் சிலந்தி, இரண்டு வருஷத்து ஆண் போதும், இரண்டு பேரும் ஒன்றாகக் கணக்கை முடித்துக்கொள்ளட்டும் என்று. அப்படித்தானே?

நீ மருமகளாக இருந்தவரை எதையும் முகத்துக்கு நேரே சொல்வாய். ரசத்தில் உப்பு அதிகம் என்பதிலிருந்து, உங்க பையன் பொய் சொல்றார் என்பது வரை. அதுதான் எனக்குப் பிடித்திருந்தது.

ஒன்றும் வாங்காமல் திரும்பிவிட்டேன்.

அத்தை


ஏப்ரல் 4

அத்தை,

ஆமாம். கணக்குப் போட்டேன்.

எங்கள் பூங்கா வாசலில் அடிக்கடி பெட்டி வந்து இறங்கும். பிப்ரவரியில்கூட ஒருவர் வந்தார். என் வயதுதான் இருக்கும். கண்ணாடித் தொட்டியை டிக்கெட் கவுன்ட்டர் மேலே வைத்துவிட்டு, "அம்மா போயிட்டாங்க. அவங்க வளர்த்தது. எங்க வீட்டுல யாருக்கும் இது ஆகாது, நீங்க வெச்சுக்குங்க" என்றார். உள்ளே தண்ணீர்க் கிண்ணம் காய்ந்து வெள்ளையாகப் படிந்திருந்தது. அந்த அம்மா போய் எத்தனை நாளாயிற்று என்பதைக் கிண்ணத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். சிலந்தி கால்களை வயிற்றுக்கடியில் மடக்கிக்கொண்டு கிடந்தது. காப்பாற்ற முடியவில்லை.

உங்கள் முதல் கடிதம் வந்ததும் எனக்கு அந்தக் கவுன்ட்டர்தான் கண்முன் வந்தது. உங்கள் பையன் கரப்பான்பூச்சிக்கே நாற்காலிமேல் ஏறுகிறவர். அவர் அந்தப் பெட்டியைத் தொடமாட்டார். ஆக, உங்களுக்கு ஏதாவது ஒன்று என்றால் அந்தச் சிலந்தி என்னவாகும் என்று யோசித்தேன். அதற்குமேல் இன்னொன்றும் யோசித்தேன். உங்களுக்கு ஏதாவது ஒன்று என்றால் அது எனக்கு எப்படித் தெரியும்?

ஜனவரியில் நீங்கள் நெஞ்சுச் சளியோடு ஆஸ்பத்திரியில் கிடந்தது எனக்குத் தெரியும். யாரும் சொல்லித் தெரியவில்லை. உங்களிடம் பல்செட் வாங்கும் கிளினிக்கின் வரவேற்புப் பெண் ஏதோ பேச்சுவாக்கில் சொன்னாள், அதுவும் நீங்கள் வீடு திரும்பிய பிறகு. உங்கள் பையனுக்கு என்னிடம் சொல்லவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நான் யார்? கையெழுத்துப் போட்டு வெளியே வந்தவள். அவரைவிட்டுப் பிரிய நூறு காரணம் இருந்தது, நான் வருத்தப்படவில்லை. ஆனால் அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டால் அத்தையும் போய்விடுவார் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

சொல்லிக்கொள்ளாமல் வந்ததும் அதனால்தான். உங்கள் எதிரே வந்து நின்றிருந்தால் கிளம்பியிருக்க மாட்டேன்.

பெண்ணை வாங்குங்கள். நான் எழுதியது தப்பு.

வாயாடி


ஏப்ரல் 19

வாயாடிக்கு,

உன் கடிதத்தை மடித்துத் தலையணைக்கடியில் வைத்திருக்கிறேன். இங்கே நடந்ததைச் சொல்கிறேன்.

பரண்மேல் கிடந்த பழைய மீன்தொட்டியை இறக்கிக் கழுவினேன். நீளமும் அகலமும் உண்டு, உயரம் இல்லை. நீ சொன்ன மாதிரி. மண்மூட்டையைக் கடையிலிருந்து கொண்டுவந்து கீழே போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். மாடிப்படி ஏற்ற என்னால் ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவன் வந்தான். மூட்டையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு படி ஏறினான். மேலே வந்து இறக்கிய பிறகுதான் கேட்டான். செடி வைக்கவா என்று.

"இல்லடா, சிலந்திக்கு" என்றேன்.

அவன் முகம் போன போக்கை நீ பார்த்திருக்கவேண்டும். மூட்டையிலிருந்து ஓர் அடி தள்ளி நின்றான், உள்ளேயே சிலந்தி இருக்கிற மாதிரி. பிறகு என் எதிரே வந்து, உதடு தெரிகிற மாதிரி நிறுத்தி நிறுத்திப் பேசினான். "அம்மா, இதெல்லாம் எதுக்கு? தனியா இருக்கிறதாலதானே? என்கூட வந்துடுங்க."

"உன்கூட யாரு இருக்கப்போறா?" என்றேன்.

தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். தரையைப் பார்த்துப் பேசினால் எனக்குக் கேட்காது என்று அவனுக்குத் தெரியும். இரண்டாம் தடவை சொல்லவைத்தேன். ஜூனில் கல்யாணமாம். அவனோடு வேலை பார்க்கிற பெண்ணாம். பதிவு அலுவலகத்தில் கையெழுத்து, நாலு பேருக்குச் சாப்பாடு, அவ்வளவுதானாம். பெண்ணைப் பார்த்தேன். நல்ல பெண்ணாகத்தான் தெரிகிறாள். இதை உனக்கு எழுதவேண்டுமா, கூடாதா என்று ஒரு வாரம் அல்லாடினேன். யாரோ ஒரு வரவேற்புப் பெண் சொல்லி உனக்குத் தெரியக்கூடாது என்று தோன்றியது. அதான்.

கிளம்பும்போது, "இந்தச் சிலந்தி யோசனையை யாரு கொடுத்தது?" என்று கேட்டான்.

"யோசனை என்னுது. எதை வாங்கணும்னு சொன்னது என் மருமக" என்றேன்.

வாய் தவறி வரவில்லை. வேண்டுமென்றேதான் சொன்னேன். கோபப்படுவான் என்று பார்த்தேன். மூட்டையைக் காலால் சுவரோரம் தள்ளி, நான் தடுக்கி விழாதபடி வைத்துவிட்டுப் போனான்.

மருந்துக்கடைக்காரரிடம் சுருட்டை முடிக்காரிகள் சில இருக்கின்றன, எல்லாம் பெண்தான். எல்லாம் ஒரே மாதிரி இருக்கின்றன. எதை என்று நான் எடுப்பேன்?

அத்தை


ஏப்ரல் 28

அன்புள்ள அத்தை,

கல்யாண விஷயம் தெரியும் என்று பொய் சொல்ல நினைத்தேன். தெரியாது. படித்த அன்று, பக்கத்துக் கூடத்தில் ஆமைகளுக்குப் போடவேண்டிய கீரையைப் பல்லிகளுக்குப் போட்டுவிட்டேன். பல்லிகள் என்னை ஒரு மாதிரி பார்த்தன. சாயங்காலம் சரியாகிவிட்டது. அவர் நன்றாக இருக்கட்டும். இதை மனசோடுதான் எழுதுகிறேன். நீங்களே சொன்னதற்கு நன்றி அத்தை.

எதை எடுப்பது என்று கேட்டீர்கள். முதலில் வயிற்றைப் பாருங்கள். உருண்டையாக, சுருக்கமில்லாமல் இருக்கவேண்டும். திராட்சை வற்றல் மாதிரி இருந்தால் வேண்டாம். அதற்காக வெடிக்கப்போவது போல வீங்கியும் இருக்கக்கூடாது. நிற்கும்போது கால்கள் நன்றாக விரிந்திருக்கவேண்டும். கால்களை உள்ளே மடக்கியிருந்தால் உடம்பு சரியில்லை. நடக்கவிட்டுப் பாருங்கள். மெல்லிய தூரிகையால் பின்னங்காலைத் தொடச் சொல்லுங்கள்: ஓடினால் பயந்த சுபாவம், முன்காலைத் தூக்கிக்கொண்டு திரும்பினால் கோபக்காரி, நாலடி நகர்ந்து நின்றுவிட்டால் உங்களுக்கானவள்.

ஆனால் இதெல்லாம் எழுதிப் புரியவைக்கிற விஷயமில்லை. பக்கத்தில் நின்று காட்டவேண்டும்.

பூங்காவில் எனக்கு விடுப்பு சேர்ந்து கிடக்கிறது. மே மாதம் இரண்டாம் ஞாயிறு நான் வரட்டுமா? வீட்டுக்கு வரத் தயக்கமாக இருக்கிறது. மருந்துக்கடைக்காரர் வீட்டு வாசலில் சந்திக்கலாம். வேண்டாம் என்றால் தயங்காமல் எழுதுங்கள், நான் எதுவும் நினைக்கமாட்டேன். (நினைப்பேன். ஆனாலும் எழுதுங்கள்.)

வாயாடி


மே 15

வாயாடிக்கு,

நீ ரயிலேறியதிலிருந்து வீடு பழையபடி ஆகிவிட்டது. ஆனால் பழையபடி இல்லை; ஜன்னலோரம் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள்.

அந்த மருந்துக்கடைக்காரர் வீட்டு வாசலில் நீ நின்றிருந்த விதத்தைப் பார்த்து, பள்ளிக்கூடத்துக்குத் தாமதமாக வந்த பிள்ளை மாதிரி இருக்கிறதே என்று நினைத்தேன். பிறகு நாம் இருவரும் அழுத அழுகையில் அந்த மனிதர் சிலேட்டில் "தண்ணீர் வேணுமா?" என்று எழுதிக் காட்டினார். அவருடைய மனைவி என்ன நினைத்தாரோ! சிலந்தி வாங்க வந்தவர்கள் இப்படியா அழுவார்கள்?

நீ மூன்றாவது பெட்டியில் இருந்ததைத்தான் எடுக்கச் சொன்னாய். அது நல்ல திடமானது, எனக்கும் தெரிந்தது. ஆனால் ஓரத்துப் பெட்டிக்காரி, தூரிகை பட்டதும் நாலடிகூட நகரவில்லை. ஓரடி நகர்ந்து, "சரி, இப்போது என்ன?" என்கிற மாதிரி நின்றாள். எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. நீ வாதாடாமல் விட்டாய். வாதாடியிருந்தால்தான் நீ பழைய வாயாடி என்று நம்பியிருப்பேன்.

பெயர் என்ன வைக்கப்போகிறீர்கள் என்று கேட்டாய். வைக்கவில்லை. கூப்பிட்டால் கேட்க அவளுக்கும் காது இல்லையாமே. நான் நடந்தால் தரை அதிர்வது அவளுக்குத் தெரிகிறது, கதவை யாராவது அறைந்து சாத்தினால் எனக்கும் உள்ளங்காலில் தெரிகிறது. ஒரே வீட்டில் இரண்டு பேரும் காலால் கேட்டுக்கொண்டிருக்கிறோம். வேலை செய்யும்போது அவள் பெட்டி என் விளக்குக்கு எதிரே இருக்கிறது. பல் ஒன்றைத் தேய்த்து முடித்து நிமிர்ந்தால் அவள் ஒரு கால் மாற்றி வைத்திருப்பாள். அவ்வளவுதான் பேச்சு. போதும்.

இன்று பெட்டியைத் துடைக்கும்போது பக்கவாட்டில் ஒரு சீட்டு ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். உன் கையெழுத்து. உன் பெயர், உன் போன் எண், கீழே "எதுவானாலும் எனக்குச் சொல்லவும்."

நீ சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவளைத் தொட்டியில் இறக்கிவிட வீட்டுக்கு வந்தாயே, அப்போது ஒட்டியிருப்பாய். நன்றாக அழுத்தித் தேய்த்து, ஓரம் கிளம்பாதபடி ஒட்டிவிட்டேன்.

ஒரு விஷயம்: வந்த நாளிலிருந்து போட்ட பூச்சியை அவள் தொடவில்லை. ஊர் மாறியதால் இருக்குமா?

அத்தை


ஜூன் 9

வாயாடிக்கு,

உனக்குப் பாதிக் கதை தெரியும். மீதியை நான் சொல்கிறேன்.

நேற்றுக் காலை எழுந்து வந்து பார்த்தால் அவள் மல்லாந்து கிடக்கிறாள். எட்டுக் காலும் மேலே. நான் கண்ணாடியைத் தட்டினேன்; அசைவில்லை. முதலில் நினைத்தது என்ன தெரியுமா? உன்னிடம் எப்படிச் சொல்வது என்று. ஒரு மாதம்கூடப் பார்த்துக்கொள்ளத் துப்பில்லையா என்று நீ கேட்பாய், கேட்கமாட்டாய், கேட்காமலிருப்பதுதான் இன்னும் கஷ்டம் என்றெல்லாம். அப்புறம் அவள்மீது துக்கம் வந்தது. புதைப்பதற்கு மாடித் தொட்டியில் ரோஜாச் செடியோரம் குழிகூடத் தோண்டிவிட்டேன்.

அவனுக்குச் செய்தி அனுப்பினேன்: "அவள் போய்விட்டாள். வா." முட்டாள்தனமாக அவ்வளவுதான் அனுப்பினேன். யார் போனார்கள் என்று புரியாமல், வேலையைப் போட்டுவிட்டு, சட்டைப் பொத்தான் மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடிவந்திருக்கிறான். நான் கதவைத் திறந்ததும் என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

நான் பெட்டியைக் காட்டினேன். தூரத்திலிருந்தே எட்டிப் பார்த்தான். நான் ஒரு கரண்டியை எடுத்துவந்து மூடியைத் திறக்கப் போனேன். அவன் என் கையைப் பிடித்தான். அவன் கண் அந்தச் சீட்டில் நின்றது. உன் எண் அவனிடம் இல்லை, எப்போதோ அழித்துவிட்டான் போலிருக்கிறது. சீட்டைப் படிக்க, கிட்டே வரவேண்டியிருந்தது. வந்தான். பெட்டிக்குப் பக்கத்தில் முட்டிபோட்டு, ஒவ்வொரு எண்ணாகப் பார்த்துப் பார்த்து அழுத்தினான்.

நீ என்ன சொன்னாய் என்று எனக்குக் கேட்கவில்லை. அவன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் கல்லு மாதிரி இருந்தது. பிறகு புருவம் ஏறியது. பிறகு என் வேலை மேசையிலிருந்து பென்சிலை எடுத்து, ஒரு பல் அச்சின் அடியில் எழுதிக் காட்டினான்: "சாகலையாம். தோல் உரிக்குதாம். தொடக்கூடாதாம்."

நான் கரண்டியை மேசைமேல் வைத்தேன்.

அவன் போனைக் காதிலிருந்து எடுக்காமல் பால்கனிக்குப் போனான். நிறைய நேரம் நின்றான். முதுகு மட்டும் தெரிந்தது. என்ன பேசினீர்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்கமாட்டேன். (சொன்னால் வேண்டாமென்றும் சொல்லமாட்டேன்.)

திரும்பி வந்தவன் போய்விடுவான் என்று நினைத்தேன். நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டான். மத்தியானம் முழுக்க இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். பழைய தோல் ஓரத்தில் பிளந்து, உள்ளேயிருந்து ஒவ்வொரு காலாக, கையுறையிலிருந்து விரலை உருவுகிற மாதிரி உருவினாள். எத்தனை பொறுமை! நடுவில் ஒரு கால் சிக்கிக்கொண்டது. அவன் என் கையை இறுக்கிப் பிடித்தான். அது விடுபட்டதும் எழுந்து நின்று கைதட்டினான், வாயாடி. கரப்பான்பூச்சிக்கு நாற்காலி ஏறுகிறவன்!

இப்போது பக்கத்தில் இன்னொரு சிலந்தி மாதிரியே பழைய தோல் கிடக்கிறது. இவள் வெளுத்துப்போய், ஈரமாக, புதிதாகப் பிறந்தவள் மாதிரி இருக்கிறாள். வேலை மேசை விளக்கை அணைத்துவிட்டேன். அவளுக்குக் கண் கூசக்கூடாது.

அத்தை


ஜூன் 16

அன்புள்ள அத்தை,

குழி தோண்டியதை என்னிடம் சொல்லியிருக்கவேண்டாம். கூடத்தில் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்துவிட்டேன். பிறகுதான், நீங்கள் மட்டும் தனியாக இருந்திருந்தால் அந்தக் கரண்டி என்ன செய்திருக்கும் என்று உறைத்தது. தோல் உரிக்கும்போது தொட்டால் செத்துவிடும். முன்கூட்டியே எழுதியிருக்கவேண்டியவள் நான். அவள் தீனி தொடவில்லை என்று நீங்கள் எழுதியபோதே எனக்குப் பொறி தட்டியிருக்கவேண்டும். தோல் உரிக்கப்போகிறவை அப்படித்தான் பட்டினி கிடக்கும். கல்யாணத் தேதி நெருங்க நெருங்க எதிலும் கவனம் இல்லை. உங்கள் கடிதம் பதில் போடாமல் மேசையிலேயே கிடந்தது.

இனி பத்து நாள் அவளுக்குத் தீனி வேண்டாம். உள்ளே ஏதாவது பூச்சி இருந்தால் எடுத்துவிடுங்கள். இப்போது அவள் பல்லே மெத்தென்றிருக்கும், அந்தப் பூச்சி அவளைக் கடித்துவிடும். தண்ணீர் மட்டும் போதும்.

நீங்கள் கேட்காமல் கேட்டதைச் சொல்லிவிடுகிறேன். அவர் போன் வந்தபோது தீனி அறையில் இருந்தேன். குரல் கேட்டதும் உங்களுக்குத்தான் ஏதோ என்று நினைத்தேன். சிலந்தி என்றார். அப்போதுதான் எனக்கு உயிர் வந்தது.

பால்கனிக்குப் போனதும் சொன்னார்: "ஜனவரியில அம்மா ஆஸ்பத்திரியில இருந்தப்போ ரெண்டு தடவை உன்னைத்தான் கேட்டாங்க. நான் சொல்லலை. சொல்லியிருக்கணும்." அதோடு விடவில்லை. "இனிமே எதுவா இருந்தாலும் முதல்ல உனக்குத்தான் சொல்லுவேன். அந்த வீட்டுக்கு நீ வர்றதுக்கு யாரையும் கேட்க வேண்டாம். என்னையும்தான்."

நான் சரி என்றேன். பின்னால் நூற்றுக்கணக்கில் சுவர்க்கோழிகள் கத்திக்கொண்டிருந்தன. நான் அழுதது அவருக்குக் கேட்டிருக்காது.

கல்யாணத்துக்கு நான் வரவில்லை. அது சரியாக இருக்காது. அடுத்த மாதம் முதல் ஞாயிறு வருகிறேன். உள்ளறையில் படுத்துக்கொள்கிறேன்.

வாயாடி


ஜூன் 29

வாயாடிக்கு,

கல்யாணம் நல்லபடி முடிந்தது. மழை பெய்தது, கையெழுத்துப் போடும்போது அவன் பேனா எழுதவில்லை, சாட்சிக்கு வந்தவர் தன் பேனாவைக் கொடுத்தார். அவ்வளவுதான் விசேஷம்.

நேற்று இரண்டு பேரும் வீட்டுக்கு வந்தார்கள். பெண் வாசலில் செருப்பைக் கழற்றியதும், என்னைப் பார்த்து, "அத்தை" என்று கூப்பிட்டாள். கருவி மாட்டியிருந்தேன். உண்மையைச் சொல்கிறேன்: நீ வந்துவிட்டாய் என்று நினைத்து அவளுக்குப் பின்னால் பார்த்தேன். அவளுக்கு அது தெரிந்துவிட்டது. முகம் கொஞ்சம் வாடியது. அவளிடம் என்ன தப்பு இருக்கிறது, சொல்? கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு வந்தேன்.

சிலந்தியைப் பார்க்கவேண்டும் என்றாள். அவன் அவளுக்கு எல்லாம் சொல்லியிருக்கிறான். அன்றைக்கு முதல் தீனி நாள். நான் இடுக்கியால் பூச்சியை எடுத்தேன். "நான் போடட்டுமா?" என்று கேட்டாள். இடுக்கியை வாங்கிப் பெட்டிக்குள் நீட்டினாள். சுருட்டை முடிக்காரி, இத்தனை நாள் அசையாமல் உட்கார்ந்திருந்தவள், அப்படியே பாய்ந்து இடுக்கியோடு பிடித்தாள் பார்! பெண் போட்ட சத்தம் என் காதுக்கே கேட்டது. அவன் நாற்காலிமேல் ஏறிவிட்டான். ஆனால் அந்தப் பெண் இடுக்கியை விடவில்லை. சிலந்தி பூச்சியை எடுத்துக்கொண்டு போகும்வரை கண்ணை இறுக மூடிக்கொண்டு பிடித்திருந்தாள்.

அடுத்த ஞாயிறு நீ வருகிறாய் என்று சொன்னேன். மறைக்க எனக்குப் பிடிக்கவில்லை. அந்தப் பெண் என் எதிரே வந்து நின்று, உதடு தெரிகிற மாதிரி மெதுவாகக் கேட்டாள்: "அவங்க இருக்கும்போது நானும் வரலாமா அத்தை? பயப்படாம எப்படிப் போடணும்னு எனக்குச் சொல்லித் தருவாங்களா? கேட்டுச் சொல்லுங்க."

எழுதிக் கேட்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். எழுதிவிட்டேன். சொல்லித் தருவாயா?

முடியாது என்றாலும் எனக்குப் புரியும். அவளிடம் நான் பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன். நீ மட்டும் ரயிலைத் தவறவிடாமல் வா.

அத்தை